ஏழு சுவிட்சை ஒன்றாக்கலாமா? மொபேனி கிடங்கு நெட்வொர்க்குக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியையும் கையால் வரைந்து அனுப்பிய படத்தையும் இரண்டு முறை நிதானமாகப் பார்த்தேன். இதே நிலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்னும் பல கிடங்குகள் இருப்பதால், கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

டர்பனின் மொபேனியில் ஒரு மசாலா மொத்த வியாபாரம். அலுவலகம், கிடங்கு, பொட்டலம் போடும் ஷெட் என்று மூன்று கட்டடம். வாசலில் ஒரு காவலர் அறை. பன்னிரண்டு வருடத்தில் தேவை வந்தபோதெல்லாம் ஒன்றொன்றாக வாங்கி மாட்டியதில் இன்று ஏழு சுவிட்ச், அதாவது கணினி, கேமரா எல்லாவற்றையும் கேபிளால் ஒன்றோடு ஒன்று இணைக்கும் பெட்டி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்று: ரூட்டருக்குப் பக்கத்தில் 24 போர்ட் (கேபிள் செருகும் துளை), கணக்கு அறையில் 8 போர்ட், அதிலிருந்து கிடங்குக்கு 24, கிடங்கு மேலாளர் அறையில் 8, ஷெட்டில் கேமராக்களுக்கு மின்சாரமும் கொடுக்கும் 16, தராசு மேசைக்கு அடியில் 5, கடைசியில் காவலர் அறையில் 8. கட்டடங்களுக்கு நடுவே எல்லாமே செம்புக் கேபிள்.

உங்கள் புகார் மூன்று. கிடங்கிலிருந்து கணக்கு மென்பொருளைத் திறந்தால் ஊர்கிறது. சில நாள் எல்லாமே ஒரு நிமிடம் உறைந்து நின்று திரும்பி வருகிறது. இருட்டிய பிறகு வாசல் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது. பொருள் விற்க வந்தவர், "ஏழையும் தூக்கிப் போடுங்கள், அலுவலகத்தில் 48 போர்ட் ஒன்று வைத்து எல்லாக் கேபிளையும் அங்கேயே இழுத்துவிடலாம், விலேன் பிரிவினையையும் எடுத்துவிடலாம், ஒரே நெட்வொர்க்காக இருந்தால் தலைவலி இல்லை" என்கிறார். (விலேன் என்பது ஒரே சுவிட்சுக்குள்ளேயே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து வைப்பது.) முதலாளி, இந்தச் செலவு வேண்டுமா, இருப்பதே ஓடட்டுமா என்கிறார்.

என் பதில்: குறைக்கலாம், ஒன்றாக வேண்டாம், நாலாக. விலேனைத் தொட வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு ராண்ட்கூடச் செலவழிக்காமல் இன்று மாலையே இரண்டு விஷயத்தைப் பாருங்கள், ஏனென்றால் மூன்று புகாரில் இரண்டுக்குக் காரணம் சுவிட்சுகள் மாட்டியிருக்கும் விதமே இல்லை என்று நினைக்கிறேன். மூன்று நோய்க்கும் ஒரே மருந்து என்று சொல்லி விற்கிறார்கள். புது சுவிட்ச் போட்ட பிறகும் கேமரா அணைந்தால் முதலாளி உங்களைத்தான் கேட்பார்.

முதலில் அந்த வேகக் குறைவு. வரிசையாக ஏழு சுவிட்சைத் தாண்டிப் போவதால்தான் மெதுவாகிறது என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேபிள் நெட்வொர்க்குகள் பேசும் முறையான ஈதர்நெட்டில் ஒரு முழு அளவு தரவுப் பொட்டலம் 1500 பைட். ஜிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட்) கம்பியில் ஒரு சுவிட்ச் அதை வாங்கி வைத்து அனுப்ப ஏறக்குறைய 12 மைக்ரோவினாடி. ஏழு சுவிட்சுக்கும் சேர்த்து 84. ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கணக்கு மென்பொருளில் பில் திறக்க பதினைந்து வினாடி ஆகிறது என்றால் அதற்குப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குற்றம் சொல்ல முடியாது.

நடுவில் இருக்கும் ஒரு கேபிள் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஜிகாபிட் ஓடுவதற்குக் கேபிளில் இருக்கும் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அரித்துப் போனாலோ, முனையில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காமல் இருந்தாலோ, பெரும்பாலான சுவிட்சுகள் எதுவும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணைப்பு இருக்கும், யாருக்கும் தெரியாது. மொபேனி கடலிலிருந்து அதிகத் தூரம் இல்லை. இந்த ஊர் உப்புக் காற்றும் ஈரமும் வெளியில் ஓடும் கேபிளின் முனையைப் பச்சை பூக்க வைப்பதை நான் எத்தனையோ முறை வெட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கேமராக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 கேமரா, ஒவ்வொன்றும் 6 மெகாபிட் என்று அமைப்பில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 72. பதிவுப் பெட்டி அலுவலகத்தில் இருப்பதால் இந்த 72-உம் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ஒற்றைக் கேபிளில்தான் இரவும் பகலும் ஓடுகிறது. அது ஜிகாபிட்டில் இருந்தால் ஒரு பொருட்டே இல்லை. 100-க்கு இறங்கியிருந்தால் மிச்சம் 28 தான். கிடங்கில் இருக்கும் அத்தனை பேரும் அதைப் பங்கு போட வேண்டும். கிடங்கு சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, அலுவலகம் நோக்கிப் போகும் போர்ட்டில் வேகம் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்றால் இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகச் செருகியை இறுக்கி மாட்டுங்கள் (கிரிம்ப்). ஒரு மணி நேர வேலை. அதிலேயே முதல் புகார் தீர்ந்துவிடலாம்.

இரண்டாவது, வாசல் கேமரா. "இருட்டிய பிறகு" என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் துப்பு கொடுத்தது. இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்சாரம் கூடும். பகலில் 5 வாட் எடுக்கும் கேமரா இரவில் 10 வரை போகலாம். உங்கள் ஷெட் சுவிட்சால் மொத்தம் 110 வாட்தான் கொடுக்க முடியும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. பகலில் 12 கேமராவுக்கும் சேர்த்து 60. இரவில் 120. பத்து வாட் பற்றவில்லை. அப்படிப் பற்றாதபோது முன்னுரிமை குறைந்த போர்ட்டை சுவிட்ச் முதலில் அணைக்கும்; யாரும் எதுவும் அமைக்காவிட்டால் பெரும்பாலும் கடைசி எண் போர்ட்டுகள்தான் அடிபடும். வாசல் கேமரா இரண்டும் 15, 16-இல்தானே இருக்கின்றன? இன்று மாலை ஏழு மணிக்கு அந்த சுவிட்சின் மின்சாரப் பக்கத்தைத் திறந்து மொத்த வாட் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வாசல் கேமராவுக்கு முன்னுரிமையை உயர்த்தி, ஷெட்டுக்குள் நல்ல வெளிச்சம் இருக்கும் இடத்துக் கேமராக்களின் இரவு விளக்கை அணைத்துவிட்டால் சமாளிக்கலாம்.

மூன்றாவது புகாரான அந்த ஒரு நிமிட உறைதல்தான் உண்மையில் நீங்கள் கேட்ட கேள்விக்குள் நம்மைக் கொண்டுபோகிறது.

ஈதர்நெட்டுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. ஐபி பொட்டலத்துக்கு இத்தனை தாண்டலுக்கு மேல் உயிரோடு இருக்காதே என்று ஒரு எண் இருக்கிறது. அதை ஏற்றிச் செல்லும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அது கிடையாது. இரண்டு சுவிட்சுக்கு நடுவே தெரியாமல் இரண்டு கேபிள் மாட்டி வட்டம் ஆகிவிட்டால், எல்லோருக்குமாகப் போகும் ஒரு அறிவிப்பு அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, நெட்வொர்க் முழுவதையும் அடைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ. 1985-இல் ரேடியா பெர்ல்மன் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது வடிவமைத்தது. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, ஒன்றைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்து, வட்டம் உண்டாக்கும் பாதையை மூடிவிடும். பழைய முறையில், ஒரு இணைப்பு போய்த் திரும்பி வந்தால் அந்தப் போர்ட் 15 வினாடி கேட்டு, 15 வினாடி கற்றுக்கொண்டு, அதன் பிறகுதான் பொட்டலத்தை விடும். தூரத்தில் எங்கோ அறுந்து, அதைப் பழைய தகவல் காலாவதியானால்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் இன்னும் 20 வினாடி. உங்கள் "ஒரு நிமிடம்" இப்படித்தான் வருகிறது. 2001-இல் வந்த வேகமான வடிவம் இதைப் பெரும்பாலும் ஓரிரு வினாடிக்குக் குறைத்துவிட்டது. ஆனால் உங்களுடைய பழைய 24 போர்ட் பெட்டி இன்னும் முதல் முறையிலேயே ஓடுகிறது என்று நீங்கள் அனுப்பிய அமைப்புப் பக்கத்தில் தெரிகிறது.

தலைவன் யார் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் எதுவும் அமைக்காவிட்டால் எல்லா சுவிட்சுக்கும் முன்னுரிமை 32768 என்றுதான் இருக்கும். சமமாக இருப்பதால் எதன் மேக் முகவரி (பெட்டி செய்யும்போதே பதிந்து வரும் எண்) சிறியதோ அது தலைவன். ஒரே கம்பெனி சுவிட்சுகளில் பழைய பெட்டிக்குத்தான் பெரும்பாலும் சிறிய முகவரி. ஆக, இருப்பதிலேயே வயதானதும் எப்போது விழும் என்று தெரியாததும் தலைமைப் பொறுப்பில் உட்கார்ந்திருக்கும். யாரும் முடிவு செய்து அங்கே வைக்கவில்லை, தானாக அமைந்துவிட்டது. நான் போகும் இடங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் பார்க்கிறேன்.

ஏழு என்ற எண்ணுக்கு வருவோம். ஸ்பானிங் ட்ரீயின் வழக்கமான நேர அளவுகளெல்லாம், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஏழு சுவிட்சுக்கு மேல் இருக்காது என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டவை. நீங்கள் சரியாக அந்த எல்லையில் நிற்கிறீர்கள். இன்னொரு சின்னப் பெட்டியைக் காவலர் அறைக்கு அப்பால் மாட்டினால் எட்டு. அதைத் தாண்டினால் அன்றைக்கே விழுந்துவிடும் என்று இல்லை. தாண்டியது தெரியாமல் வருடக்கணக்கில் ஓடும், நெரிசல் வரும் நாளில் விழும். 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் இதுதான் நடந்தது. கட்டடம் கட்டடமாக இணைத்து இணைத்து ஸ்பானிங் ட்ரீயின் எல்லையைத் தாண்டியிருந்த நெட்வொர்க், பெரிய அளவில் தரவு ஓடிய ஒரு நாளில் நிலைகுலைந்தது. நாலு நாள் அளவுக்கு மருத்துவர்கள் காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்கள். அவர்கள் அதை மறைக்காமல் வெளியில் சொன்னதால்தான் எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொண்டோம். அந்த நேர்மைக்கு எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

உங்கள் வரிசையில் எனக்கு மிகவும் கவலை தருவது கணக்கு அறையில் இருக்கும் 8 போர்ட். அது நிர்வகிக்க முடியாத சாதாரணப் பெட்டி. இரண்டு பெரிய சுவிட்சுக்கு நடுவே மூன்று விலேனும் போகும் முதுகெலும்பு, யாரோ ஒருவரின் கால் மேசைக்கு அடியில், அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் போகிறது. இஸிபிங்கோவில் ஒரு கடைக்கு இப்படி ஒரு வேலைக்குப் போனேன். தினமும் காலை பத்தேகால் மணிக்கு எல்லாம் நின்றுவிடுகிறது, இணையக் கம்பெனியிடம் மூன்று மாதமாகச் சண்டை போடுகிறோம் என்றார்கள். நான் பத்து மணிக்கே போய் மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். தேநீர் போட வந்த அம்மா, சுவரில் இருந்த மூன்று உருண்டைக் கம்பி பிளக்கைப் பிடுங்கி, கெட்டில் பிளக்கைச் செருகினார். பிடுங்கிய பிளக்கில்தான் சுவிட்சின் அடாப்டர். தண்ணீர் கொதித்ததும் பொறுப்பாகத் திரும்ப மாட்டிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஐம்பது பேரின் வேலை அந்த ஒற்றைப் பிளக்கில் தொங்குகிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, வேறு பிளக்கும் வைக்கவில்லை. உங்கள் உறைதல் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். நேரம் ஒரே மாதிரி இருந்தால் ஏதோ ஒரு மனிதப் பழக்கம். மின்சாரம் போய் வந்த பிறகு என்றால் பேட்டரி. ஒழுங்கே இல்லை என்றால் கேபிள் அல்லது சாகப்போகும் அடாப்டர்.

இந்த உதாரணத்தை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. நெட்வொர்க் சிக்கலாக இருக்கிறதா என்பதை எத்தனை பெட்டி என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பெட்டியையும் விரல் வைத்து, "இது இப்போது செத்தால் யார் யார் நிற்பார்கள்?" என்று கேளுங்கள். கணக்கு அறைப் பெட்டி செத்தால்? கிடங்கு, ஷெட், தராசு, வாசல், எல்லா கேமராவும். தராசுக்கு அடியில் இருக்கும் அந்த 5 போர்ட் செத்தால்? காவலர் அறையில் லாரி நுழைவுப் பதிவு நிற்கும். தராசுக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை, அன்றைக்கு அங்கே ஒரு போர்ட் காலியாக இருந்தது, அவ்வளவுதான். சம்பந்தமில்லாத ஒன்று விழுந்தால் இன்னொன்று விழும் இடங்களைத்தான் பிரிக்க வேண்டும்.

டர்பனில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. 2023-இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நீங்கள் வருவதற்கு முன்னால் இருந்தவர்களைக் கேளுங்கள். 2024 மார்ச் கடைசிக்கு அப்புறம் பெரிய அளவில் ஓய்ந்திருக்கிறது என்றாலும், உள்ளூர்க் கோளாறில் இரண்டு மணி நேரம் போவது இன்னும் இருக்கவே இருக்கிறது. ஏழு சுவிட்ச் வரிசையாக இருந்தால் ஏழுக்கும் யூபிஎஸ் வேண்டும். ஏழு பேட்டரியில் மூன்றாவது மட்டும் மண்டையைப் போட்டால், பின்னால் இருக்கும் நாலு பேட்டரியும் நன்றாக இருந்தும் பயனில்லை. சின்ன 650 யூபிஎஸ்ஸில் இருப்பது பொதுவாக 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. கேமராக்களோடு 120 வாட் இழுக்கும் உங்கள் ஷெட் சுவிட்சை அது அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. மின்வெட்டு அடிக்கடி வந்த நாட்களில் இந்த ஈயப் பேட்டரிகள் முழுதாக ஏற நேரமே கிடைக்காமல் ஒரு வருடத்துக்குள் வீங்கிப்போயின. நாலு இடம் என்றால் நாலு நல்ல லித்தியம் பேட்டரியாக வைத்துவிடலாம். ஏழு இடம் என்றால் முதலாளி ஏழுக்கும் மலிவானதைத்தான் வாங்குவார், அது மனித இயல்பு.

சரி, அப்படியானால் விற்க வந்தவர் சொன்ன மாதிரி ஒன்றாகவே ஆக்கிவிட்டால் என்ன? முதலில் அளவுநாடாவை எடுங்கள். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். சுவருக்குள் 90, இரு பக்கமும் தளர்வாகத் தொங்கும் வயர் 10. அலுவலகத்திலிருந்து கிடங்கு 55 மீட்டர், அங்கிருந்து ஷெட் 70, ஷெட்டிலிருந்து வாசல் 80 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஷெட்டே 125 ஆகிவிட்டது. வாசல் 205. அவர் சொன்ன திட்டம் கேபிளின் நீளத்திலேயே முடிந்துபோகிறது. அவர் இடத்தை நடந்து பார்க்காமலே விலை கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். விலை கொடுப்பதற்கு முன்னால் நடந்து பார்க்காதவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் கோடை இடி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மண் இணைப்பு தனித்தனி. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு மண்ணுக்கும் நடுவே ஏற்படும் மின்னழுத்த வித்தியாசம் செம்புக் கேபிள் வழியாக ஓடி, இரு முனையிலும் சுவிட்சைச் சுடும். கண்ணாடி இழையில் (ஃபைபர்) அந்த வம்பு இல்லை. செம்பைத் திருடுபவர்களுக்கும் அதில் லாபம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறை வெட்டிப் பார்ப்பார்கள் என்பதைத் தவிர.

நான் போடச் சொல்லும் அமைப்பு இதுதான். கட்டடத்துக்கு ஒரு சுவிட்ச்: அலுவலகம், கிடங்கு, ஷெட், வாசல். மற்ற மூன்றும் அலுவலகத்தோடு நேரடியாக ஃபைபரில் பேசும். ஒன்று விழுந்தால் அடுத்தது விழாது. "வாசலுக்கு ஷெட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்?" என்பீர்கள். கேபிள் தாண்டும், சுவிட்சைத் தொடாது. கிடங்கு வரை 12 இழை போட்டு, அதில் சிலவற்றை அங்கே சுவரில் ஒரு சின்னப் பெட்டியில் ஒட்டி ஷெட்டுக்கும், ஷெட்டிலும் அப்படியே ஒட்டி வாசலுக்கும் அனுப்பிவிடலாம். வெளிச்சம் போவதற்கு வழியில் மின்சாரம் தேவையில்லை. ஷெட்டில் கரண்ட் போனாலும் வாசல் கேமரா அலுவலகத்துக்குத் தெரியும். இழைகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். குழி தோண்டும் கூலிதான் செலவு, இழை மலிவு. ஒற்றை முறை (single-mode) இழையாகவே போடுங்கள், பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் இரு முனையிலும் செருகியை மாற்றினால் போதும்.

மற்ற மூன்று பெட்டிகளும் எங்கே போகும்? உங்களிடம் மொத்தம் 93 போர்ட். ஆறு இணைப்புக்கு இரு முனையுமாக 12 போய்விட்டால் மிச்சம் 81. மாட்டியிருக்கும் கருவிகளோ 41. அதாவது போர்ட் பற்றாமல் பெட்டி கூடவில்லை. சுவரில் கேபிள் முனை பற்றாமல்தான் கூடியிருக்கிறது. யாரோ ஒரு மேசை கூடப் போட்டார்கள், சுவரில் ஒரு முனைதான் இருந்தது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதை விட 5 போர்ட் பெட்டி மலிவாகத் தெரிந்தது. கணக்கு அறைக்கு அலுவலக சுவிட்சிலிருந்து நாலு கேபிள், கிடங்கு மேலாளர் அறைக்கு மூன்று, தராசுக்கு இரண்டு இழுத்துவிட்டால் அந்த மூன்று சின்னப் பெட்டியும் தானாகத் தேவையற்றுப் போகும். உண்மையான எளிமைப்படுத்தல் இந்த ஒன்பது கேபிளில்தான் இருக்கிறது, புது சுவிட்சில் இல்லை.

வாங்கும்போது ஷெட்டுக்கு விசிறி இல்லாததாகப் பாருங்கள். கேமராவுக்குக் கொடுக்கும் மின்சாரம் 200 வாட்டுக்கு மேல் வேண்டும் என்பதால் விசிறி இல்லாமல் கிடைப்பது கொஞ்சம் கடினம். கிடைக்காவிட்டால் கதவில் வடிகட்டி வைத்த மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஒரு மசாலா ஆலையில் செத்துப்போன சுவிட்ச் ஒன்றின் மூடியைத் திறந்தபோது, விசிறியின் இறக்கை ஒவ்வொன்றிலும் மஞ்சள் பொடி பாசி மாதிரி படிந்திருந்தது. அதற்கு அடியில் மிளகாய்ப் பொடி. ஊதியதும் அங்கிருந்த நாங்கள் மூவரும் ஒரு பத்து நிமிடம் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றோம். அந்தத் தூசி ஈரம் இழுக்கும், ஈரம் மின்கசிவு கொடுக்கும்.

முடிந்தால் நாலு சுவிட்சில் மூன்று சுவிட்சாவது ஒரே மாடலாக இருக்கட்டும். அப்போது அலமாரியில் ஒரே ஒரு உபரி வைத்தால் போதும். ஏழு விதமான பெட்டிக்கு எந்த உபரியை வைப்பது?

விலேனைப் பற்றி. உங்கள் சுவிட்சில் ஒன்பது விலேன் எழுதியிருக்கிறது, உயிரோடு இருப்பது மூன்று: அலுவலகம், கேமரா, தொலைபேசி. மிச்சம் ஆறும் முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனவை. அவற்றை அழிப்பது நல்ல காரியம், ஆனால் எந்தப் போர்ட்டிலும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு. மூன்றையும் ஒன்றாகக் கலப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். தொங்காட்டில் ஒரு கடைக்கு நானே, எளிமையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, சம்பள நாள், கடை நிறையக் கூட்டம். ஊழியர் ஒருவர் வீட்டு வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து ஓய்வறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். அது தன் பாட்டுக்கு எல்லோருக்கும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்தது. கல்லா எந்திரங்கள் ஒவ்வொன்றாகத் தப்பான முகவரி வாங்கிக்கொண்டு அட்டை எந்திரத்தோடு பேச முடியாமல் நின்றன. நான் போய்ச் சேர்ந்து அந்த ரூட்டரைக் கண்டுபிடிக்க இரண்டரை மணி நேரம். வண்டி நிறையச் சாமான் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பாட்டி, எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனதை நான் மறக்கவில்லை. ஓய்வறை தனி விலேனில் இருந்திருந்தால் கல்லாவுக்கு அது தெரிந்தே இருக்காது. ஆகவே உங்கள் மூன்றோடு, ஊழியர் கைபேசி வைஃபைக்கு நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு விலேன் என்பது ஒரு தாளில் எழுதி ராக் கதவில் ஒட்டக்கூடிய விஷயம். அது சிக்கல் ஆகாது.

புது அமைப்பில் அலுவலக சுவிட்சுக்கு முன்னுரிமை 4096 என்று, 32768-ஐ விடச் சிறிய எண்ணாக எழுதித் தலைவன் ஆக்குங்கள். எல்லாவற்றிலும் வேகமான ஸ்பானிங் ட்ரீயை ஓட விடுங்கள். கணினி மாட்டும் போர்ட்டுகளில் பிபிடியு காவலையும் (ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் அந்தப் போர்ட்டை மூடிவிடும் வசதி) வட்டம் கண்டறியும் வசதியையும் சேர்த்தே போடுங்கள். மலிவான பெட்டிகள் சில ஸ்பானிங் ட்ரீ செய்தியை விழுங்கிவிடும், அப்போது முதலாவது மட்டும் இருந்தால் வட்டம் தெரியாது.

முதலாளி கேட்ட "அப்படியே விட்டால் என்ன?" என்பது நியாயமான கேள்வி. ஓடுகிற ஒன்றைத் தொடாமல் இருப்பது பல நேரம் சரியான முடிவு. இடத்தின் குத்தகை ஒன்றரை வருடத்துக்குள் முடிகிறது என்றால் நானே குழி தோண்ட வேண்டாம் என்பேன்: கணக்கு அறைப் பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கேபிளை நேராக அலுவலக சுவிட்சில் சேர்த்து, கேமரா மின்சாரத்தைச் சரிசெய்துவிட்டு இருந்துவிடலாம். ஆனால் நீங்கள் ஷெட்டை இன்னும் பெரிதாக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வரிசை நீளப்போகிறது என்று தெரிந்தபின் அதே வரிசையில் மாட்டிக்கொண்டே போவது சரியில்லை. ஷெட் கட்டும்போது எப்படியும் குழி தோண்டுவார்கள், அந்தக் குழியிலேயே குழாயைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

மாற்றும் நாளைப் பொறுத்தவரை, ஈஸ்டர் நாலு நாள் விடுமுறைதான் சிறந்தது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஒப்பந்தக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். பெரிய வெள்ளியன்று உங்கள் ஆட்களில் பாதிப்பேர் இஸிபிங்கோ மாரியம்மன் கோவிலில் இருப்பார்கள், அன்றைக்கு யாரையும் கூப்பிடாதீர்கள், சனிக்கிழமை தொடங்குங்கள். ஃபைபரும் ஒன்பது கேபிளும் அதற்கு முந்தைய வாரங்களிலேயே இழுத்துச் சோதித்து முடிந்திருக்க வேண்டும். எல்லா சுவிட்சின் அமைப்பையும் கோப்பாக எடுத்து வையுங்கள், ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்தையும் கைபேசியில் படம் பிடியுங்கள். முதலில் வாசல், அங்கே தப்பு நடந்தால் நஷ்டம் குறைவு. அப்புறம் ஷெட், அப்புறம் கிடங்கு, கடைசியாக அலுவலகம். ஒரு கட்டடம் மாறியதும் ஒரு பில் போட்டுப் பாருங்கள், ஒரு எடை போட்டுப் பாருங்கள், ஒரு கேமராவில் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். பழைய செம்புக் கேபிளை இரண்டு வாரம் பிடுங்காமல், இரு முனையும் கழற்றி, "மாட்டாதே" என்று சீட்டு கட்டி வையுங்கள். சீட்டு இல்லாமல் விட்டால் யாராவது உதவி செய்வதாக நினைத்து மாட்டி வட்டம் உண்டாக்கிவிடுவார்கள்.

இன்று மாலை பார்க்கச் சொன்ன இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்: கிடங்குப் போர்ட்டின் வேகம், ஏழு மணிக்கு ஷெட் சுவிட்சின் வாட். அதோடு கணக்கு அறை மேசைக்கு அடியில் எந்தப் பிளக்கில் அந்த 8 போர்ட் பெட்டி மாட்டியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஈஸ்டர் வரை அந்தப் பிளக்கின் மேல் ஒரு சிவப்பு டேப் சுற்றி, தேநீர் போடுபவருக்குக் கெட்டில் மாட்ட வேறு ஒரு பிளக் கொடுத்துவிடுங்கள்.